போர் தந்ததா பெண்ணுரிமை?

இரண்டு உலகப் போர்களும் பெண்களை அடுப்பங்கரையிலிருந்து மீட்டுத் தொழிலகத்திற்கும் படைவீட்டிற்கும் கொண்டுவந்தன என்றும், அவ்விடங்களில் அவர்கள் காட்டிய திறமையைக் கண்டு உளம் நெகிழ்ந்த அரசுகள் அவர்களுக்கு உரிமைகளை வாரி வழங்கின என்றும் ஒரு கூற்று நெடுநாளாக நிலவி வருகின்றது. பாடநூல்கள் இதனை எழுதுகின்றன. மேடைப் பேச்சாளர்கள் இதனை முழங்குகின்றனர். படித்தவர் பலரும் இதனை ஆராயாது ஏற்கின்றனர். கேட்பதற்கு இனிமையாய் உள்ள இக்கூற்றில் பாதி பிழை. மீதிப் பாதி ஏமாற்று.

ஏமாற்று என்று நாம் கடுமையாகச் சொல்வதற்குக் கரணியம் உண்டு. பெண்ணுக்கு உரிமையைப் போர் தந்தது என்று ஒப்புக்கொண்டால், போர் முடிந்தபின் அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தவனுக்கே ஒப்புக்கொடுத்ததாகும். நடந்ததும் அதுவேயாம். தேவை வந்தபொழுது 'பெண்ணால் இயலும்' என்று பறையறைந்த அதே வாய், தேவை தீர்ந்தபொழுது 'பெண்ணுக்கு ஏன் இந்த வேலை?' என்று கேட்டது. கொடுத்தவர் எதற்காகக் கொடுத்தனர், எப்பொழுது பறித்தனர், பறிக்கவியலாமல் எஞ்சியது எது என்பவற்றை நடந்த செய்திகளைக் கொண்டே இங்கு எடுத்துக்காட்டுவோம்.

மஞ்சள் படிந்த மேனி

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். 1914-க்கு முன் பெண்கள் உழைக்காமல் வீட்டில் அமர்ந்திருந்தனர் என்பது வடிகட்டிய பொய். இங்கிலாந்தின் நெசவாலைகளிலும், செல்வர் வீட்டு ஏவல் வேலைகளிலும், வயல்களிலும் ஏழைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தே வந்தனர். போர் அவர்களைப் புதிதாக உழைக்கச் செய்யவில்லை. ஆண்களுக்கு மட்டுமே என்று அடைத்து வைத்திருந்த கூடுதல் கூலி வேலைகளின் கதவுகளை ஆளில்லாமையால் சற்றே திறந்துவிட்டது. அவ்வளவுதான்.

திறந்த கதவு எங்கே கொண்டு சென்றது? வெடிமருந்து ஆலைகளுக்கு! அங்கே குண்டுகளில் வெடிமருந்தை அடைத்த பெண்களின் தோலும் தலைமயிரும் அந்நஞ்சால் மஞ்சளாயின. மக்கள் அவர்களை மஞ்சள் பறவையின் பெயரிட்டு நகையாடி அழைத்தனர். 1916 திசம்பர் 5ஆம் நாளிரவு இலீட்சு நகர்க்கு அருகிலிருந்த பார்ன்போ ஆலையில் நேர்ந்த வெடிப்பில் 35 பெண்கள் மாண்டனர். களத்தில் மாண்ட ஆண்களின் பெயர்களை நாளிதழ்கள் நிரலாக வெளியிட்டன. ஆலையில் மாண்ட இப்பெண்களின் செய்தியையோ போர்க்காலத் தணிக்கை அமுக்கிவிட்டது. இருவர் சாவும் ஒரே போருக்காக நேர்ந்த சாவுதானே? ஒன்று ஈகமாகவும் மற்றொன்று மறைபொருளாகவும் ஆனது ஏன்?

இவர்களுக்கு ஒப்போலை (வாக்கு) உரிமை கிடைத்ததே என்பர். 1918ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். ஆண்களுக்கு 21 அகவையிலேயே அவ்வுரிமை வந்தது. படையில் இருந்தவர்க்கு 19 அகவையே போதுமெனப்பட்டது. பெண்களுக்கோ 30 அகவை நிறைந்திருக்க வேண்டும்; அதற்குமேல் வீடு நிலம் பற்றிய தகுதி தமக்கேனும் கணவனுக்கேனும் இருத்தல் வேண்டும். ஏறத்தாழ 84 நூறாயிரம் பெண்கள் உரிமை பெற்றனர் என்பது மெய். ஆனால், வெடிமருந்து ஆலைகளில் தோல் மஞ்சளாக உழைத்தவர்களுள் பெரும்பாலார் இருபதுகளில் இருந்த இளம்பெண்கள். எவருடைய உழைப்புக்கு நன்றியாக அவ்வுரிமை வழங்கப்பட்டதாகச் சொல்லப்படுகின்றதோ, அவர்களே அவ்வுரிமைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர்! ஆணோடு ஒத்த அகவையில் பெண்ணும் ஒப்போலை இட 1928 வரை காத்திருக்க நேர்ந்தது. இதற்குப் பெயர் நன்றியா?

கூலிச் செய்தியும் இவ்வாறே. 1918 ஆகசுட்டுத் திங்களில் இலண்டன் பேருந்துகளிலும் திராம்வண்டிகளிலும் ஆண் பணியாளர்க்குக் கிழமைக்கு 5 வெள்ளி (சில்லிங்கு) போர்க்கால மிகையூதியம் தரப்பட்டது. அதே வண்டியில் அதே வேலையைச் செய்த பெண்களுக்கு அது மறுக்கப்பட்டது. பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினர். வண்டிகள் நின்றன; மிகையூதியம் வந்தது. இதனைத் தந்தது போரா? போராட்டமா? எண்ணிப் பார்க்க.

போர் ஓய்ந்த மறு ஆண்டே, 1919இல், போருக்கு முந்தைய தொழில் வழக்கங்களை மீட்டுத் தரும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஆலைப் பெண்கள் வெளியேற்றப்பட்டனர். வேலையின்மைக்கால உதவித்தொகை கேட்டு வந்தவர்களை நோக்கி, 'வீட்டு வேலைக்காரியாகப் போ. மறுத்தால் உதவி இல்லை' என்றனர். நேற்று வரை நாட்டைக் காத்தவள் என்று போற்றப்பட்டவள், இன்று செல்வர் வீட்டுப் படிக்கட்டைத் தேய்க்கத் துரத்தப்பட்டாள்.

குறி வைக்கலாம், விசையை அழுத்தலாகாது!

இரண்டாம் உலகப் போரில் இக்கூத்து இன்னும் பெரிதாக நடந்தது. 1941 திசம்பரில் இங்கிலாந்து, 20 முதல் 30 அகவை வரையிலான மணமாகாத பெண்களையும் பிள்ளையற்ற கைம்பெண்களையும் கட்டாயப் பணிக்கு அழைக்கும் சட்டத்தை இயற்றியது. பெண்கள் படைத்துறைத் துணையணிகளில் சேர்ந்தனர். உழவுப் படையாகச் சென்று நிலத்தை உழுதனர். பகைவரின் மறைகுறிச் செய்திகளை உடைத்த பிளெட்சுலிப் பாசறையில் பணியாளருள் நான்கில் மூன்று பங்கினராய் இருந்தனர்.

வானூர்திகளை வீழ்த்தும் பெருஞ்சுடுகலன் அணிகளிலும் பெண்கள் அமர்த்தப்பட்டனர். பகைவனின் ஊர்தி எவ்வளவு உயரத்தில், எவ்வளவு விரைவில் வருகின்றது எனக் கணித்துக் குறியை வகுத்தவர்கள் அவர்களே. ஆனால், அச்சுடுகலனின் விசையை அழுத்துதல் மட்டும் பெண்ணுக்கு விலக்கப்பட்டிருந்தது! கொல்லும் கணக்கைப் பெண் போடலாமாம். கொல்லும் விரல் ஆணுடையதாய் இருத்தல் வேண்டுமாம். மேலிருந்து விழுந்த குண்டு இந்த வேறுபாட்டைப் பார்த்தா விழுந்தது? இத்துணைக்கும் அத்துணையணிப் பெண்களுக்குக் கிடைத்த ஊதியம் ஆண் படைஞரின் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே.

இதனினும் வெட்கத்திற்குரிய செய்தி ஒன்றுண்டு. குண்டுவீச்சில் காயமுற்ற பொதுமக்களுக்கு அரசு தந்த ஈட்டுத்தொகை, பெண்ணுக்குக் குறைவாகவும் ஆணுக்குக் கூடுதலாகவும் வகுக்கப்பட்டிருந்தது. ஒரே தெருவில், ஒரே குண்டில், ஒரே நொடியில் கால் இழந்த இருவருள் பெண்ணின் கால் விலை குறைந்த கால்! மேவிசு தேட்டு முதலிய பெண் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்திலும், பெண்கள் அமைப்புகள் வெளியிலும் ஓயாது போரிட்ட பின்னரே, 1943இல், அவ்வேறுபாடு நீக்கப்பட்டது.

1944 மார்ச்சுத் திங்களில் நடந்ததைத் தமிழ்மக்கள் கட்டாயம் அறிந்துகொள்ளல் வேண்டும். கல்விச் சட்ட வரைவில் ஆசிரியர்க்கு ஆண் பெண் வேறுபாடின்றி ஒரே ஊதியம் தரல் வேண்டும் என்னும் திருத்தத்தைத் தெல்மா கசலெட்டு கெயிர் என்னும் பெண் உறுப்பினர் கொண்டுவந்தார். 117 பேர் சார்பாகவும் 116 பேர் எதிராகவும் நின்றனர். ஒரே ஓர் ஒப்போலையில் திருத்தம் வென்றது. தலைமையமைச்சர் சர்ச்சில் என்ன செய்தார்? அதனை அரசின் மீதான நம்பிக்கைச் சிக்கலாக ஆக்கினார். 'என் அரசு வேண்டுமா, இத்திருத்தம் வேண்டுமா?' என்பதே அதன் பொருள். போர்க்காலத்தில் அரசைக் கவிழ்க்க எவர் துணிவர்? சின்னாள்களில் அதே மன்றம் அத்திருத்தத்தைப் பெருவாரியான எண்ணிக்கையில் தூக்கியெறிந்தது. இட்லரை எதிர்த்து மாந்த விடுதலைக்காகப் போரிடுவதாகச் சொன்னவர், பள்ளி ஆசிரியையின் கூலிக்கு எதிராகத் தம் அரசையே பணயம் வைத்தார்! போர் பெண்ணுரிமை தந்தது என்பார் இந்நிகழ்ச்சியை எந்த ஏட்டில் எழுதுவர்?

வல்லரசுகள் இரண்டும் ஒரே வழியில்

அமெரிக்காவைப் பார்ப்போம். 1940-க்கும் 1945-க்கும் இடையில் ஏறத்தாழ 50 நூறாயிரம் பெண்கள் அங்கே புதிதாக வேலைக்கு வந்தனர். பெண்களை வேலைக்கு அழைக்கும் சுவரொட்டிகளை ஒட்டினர். கப்பல் தளங்களிலும் வானூர்தி ஆலைகளிலும் பெண்கள் தறையாணி அடித்தனர், இரும்பைப் பற்றவைத்தனர். அவர்தம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நடுவணரசின் பணத்திலேயே காப்பகங்கள் தோன்றின. பிள்ளைக் காப்பகம் அமைத்தல் அரசால் இயலாத செயல் என்று அதுகாறும் சொல்லி வந்தது பொய்யாயிற்று. போர் முடிந்தது, 1946இல் அப்பணம் நிறுத்தப்பட்டது. பிள்ளைகளுக்கு வேண்டியிருந்ததால் திறக்கப்பட்டவை அல்ல அவை; குண்டுகள் வேண்டியிருந்ததால் திறக்கப்பட்டவை.

அந்நாட்டு வான்படைக்காக 1,000-க்கு மேற்பட்ட பெண்கள் வானூர்தி ஓட்டினர். ஆலைகளிலிருந்து ஊர்திகளைத் தளங்களுக்குக் கொண்டு சேர்த்தனர். சுடும் பயிற்சிக்கான இலக்குகளை வானில் இழுத்துச் சென்றனர். 38 பேர் பணியில் மாண்டனர். ஆயினும் அவர்கள் படைத்துறையினர் அல்லர், பொதுப்பணியாளரே என்று அரசு சாதித்தது. ஆகவே, இறந்தவளின் உடலை ஊருக்கு அனுப்பும் செலவைக்கூட உடன்பணியாற்றிய தோழியரோ குடும்பத்தாரோ ஏற்க நேர்ந்தது. அவர்களைப் படைத்துறையில் சேர்க்கும் சட்ட வரைவு 1944இல் தோற்கடிக்கப்பட்டது. அவ்வாண்டுத் திசம்பரிலேயே அவ்வணி கலைக்கப்பட்டது. முன்னாள் படைஞர் என்னும் தகுதியை அவர்கள் பெற்றது 1977இல்! 1948ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்குப் படைத்துறையில் நிலையான இடம் தந்ததே என்பர். தந்தது; ஆனால், நூற்றுக்கு இருவருக்கு மேல் பெண்கள் இருத்தலாகாது என்னும் பூட்டோடு தந்தது. அப்பூட்டு 1967 வரை தொங்கிற்று.

இது முதலாளிய நாட்டின் இயல்பு, பொதுவுடைமை நாட்டில் இவ்வாறு நடவாது என்று கூறும் தோழர்கள் உளர். அவர்கட்கும் சிலவற்றை நினைவூட்டுவோம். சோவியத்து நாட்டில் ஏறத்தாழ 8 நூறாயிரம் பெண்கள் படையில் பணியாற்றினர். அங்கே பெண் துமுக்கி (துப்பாக்கி) ஏந்தினாள், தகரியூர்தி ஓட்டினாள், விசையையும் அழுத்தினாள். மரினா இரசுகோவா 1941இல் அமைத்த மூன்று வான்படை அணிகளுள் ஒன்று, பயிற்சிக்கெனச் செய்யப்பட்ட மெல்லிய பழைய ஊர்திகளில் இரவுதோறும் பறந்து செருமானியப் பாசறைகளைக் கலக்கியது. உலூத்மிலா பவுலிச்சென்கோ தம் துமுக்கியால் 309 பகைவரை வீழ்த்தியதாகக் கணக்கிடப்பட்டது. அவர் 1942இல் அமெரிக்கா சென்றபொழுது அங்குள்ள செய்தியாளர்கள் அவருடைய முகப்பூச்சைப் பற்றியும் உடையின் தையலைப் பற்றியும் வினவினர். அவர்தம் அறிவின் உயரம் அவ்வளவு!

போர் முடியும் காலத்தில் சோவியத்து அரசும் திரும்பி நின்றது. 1944 சூலைத் திங்களில் மணவிலக்கை அரிதாக்கி, பிள்ளையற்றவர்க்கு வரி விதித்து, பத்துப் பிள்ளை பெற்றவளுக்குத் 'தாய்மை மறத்தி' என்னும் விருதளிக்கும் ஆணை பிறந்தது. படையிலிருந்து விடுவிக்கப்பட்ட பெண்களை 1945 சூலையில் சந்தித்த நாட்டுத் தலைவர் கலினின், உங்கள் பணியைப் பற்றி நீங்களே பேசித் திரியாதீர்கள் என்னும் கருத்தில் அறிவுரை கூறினார். அப்பெண்கள் வாய்மூடினர். ஊரில் அவர்களைப் பற்றிப் பழிச்சொல் எழுந்தது. பலர் தம் பதக்கங்களைப் பெட்டிக்குள் மறைத்தனர். நாற்பதாண்டு கழிந்து, சுவெத்லானா அலெக்சியேவிச்சு என்னும் எழுத்தாளர் ஊரூராய்ச் சென்று அவர்தம் வாய்மொழிகளைத் தொகுத்து 1985இல் நூலாக்கிய பின்னரே உலகம் அவற்றைக் கேட்டது. பெண்ணின் துமுக்கிக்கு இடந்தந்த பொதுவுடைமை அரசு, அவள் நாவிற்கு இடந்தரவில்லை.

ஆக, முதலாளிய வல்லரசும் பொதுவுடைமை வல்லரசும் எல்லாவற்றிலும் முரண்பட்டுப் பெண் வகையில் மட்டும் ஒன்றுபட்டன.

நிலக்கரிக்காகத் தளர்ந்த இரக்கம்

இந்தியாவை ஆண்ட வெள்ளையரின் செயலையும் காண்க. நிலத்தடிச் சுரங்கங்களில் பெண்கள் வேலை செய்தல் தீங்கானது என்று படிப்படியாகக் குறைத்து, 1937இல் முற்றாக விலக்கினர். பெண்ணின் உடல்நலம் கருதிய இரக்கச் செயல் அது என்றனர். போர் வந்தது, நிலக்கரி போதவில்லை, சுரங்க ஆண்கள் கூடுதல் கூலி கிடைத்த படைத்துறைக் கட்டடப் பணிகளுக்குச் சென்றனர். உடனே 1943 ஆகசுட்டில் அவ்விலக்கு நீக்கப்பட்டது. வங்காளம், பீகார் முதலிய பகுதிகளின் ஏழைப் பெண்கள் மீண்டும் இருட்குழிக்குள் இறக்கப்பட்டனர். 1946 பிப்ரவரியில் விலக்கு மீண்டும் வந்தது.

இதன் பொருள் என்ன? 1937இல் தீங்காயிருந்த குழி 1943இல் நலமானதாக மாறிவிட்டதா? 1946இல் மீண்டும் தீங்காயிற்றா? குழி மாறவில்லை, பெண்ணின் உடலும் மாறவில்லை, நிலக்கரியின் தேவை ஏறி இறங்கிற்று. உள்ளே போ என்றபொழுதும் வெளியே வா என்றபொழுதும் எவரும் அப்பெண்ணைக் கேட்கவில்லை. பெண்ணைக் காப்பதற்கென்றே இயற்றப்பட்டவை எனப்படும் சட்டங்களின் உள்ளீட்டை அறிய இந்த ஒன்பதாண்டு வரலாறே போதும்.

பால்மரக் காட்டிலிருந்து படைவீட்டிற்கு

இனி, நம் குருதியோடு தொடர்புடைய செய்திக்கு வருவோம். 1943 சூலையில் சிங்கப்பூர் வந்த சுபாசு சந்திர போசு, இந்திய நாட்டுப் படையில் பெண்களுக்கெனத் தனியணி அமைக்க முனைந்தார். சென்னையில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று சிங்கப்பூரில் மருத்துவராயிருந்த இலக்குமி அதன் தலைமையை ஏற்றார். 1943 அக்தோபர் 22ஆம் நாள் சான்சி அரசி படையணியின் பயிற்சிப் பாசறை சிங்கப்பூரில் திறக்கப்பட்டது.

அப்பாசறைக்கு வந்தவர் யார்? வசதியுள்ள குடும்பப் பெண்கள் சிலர் இருந்தனர். ஆனால் மலையாவின் பால்மரத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப்பெண்களே அவ்வணியில் மிகப் பலர். கங்காணியின் அதட்டலுக்கும் துரையின் காலணி ஓசைக்கும் நடுவே, விடியுமுன் எழுந்து மரம் சீவிப் பால் சுமந்தவர்கள் அவர்கள். எழுத்தறியாதவர் பலர். இந்திய மண்ணைக் கண்ணாலும் காணாதவர் பலர். போருக்கு முந்தைய ஆண்டுகளில் அத்தோட்டங்களில் வரையறுக்கப்பட்டிருந்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தப் பத்துக் காசுக் குறைவையே தம் பிறவி மதிப்பாகக் கேட்டு வளர்ந்த பெண்கள், தலைமயிரை வெட்டிக்கொண்டு, காற்சட்டை அணிந்து, துமுக்கி ஏந்தி, இரவு நடைப் பயிற்சியில் நின்றனர். மெல்லியலார் என்று எவரையேனும் சொல்ல வேண்டுமாயின், அவர்களைக் கண்டு வாயடைத்த ஆண்களைத்தான் சொல்ல வேண்டும்.

அதே வேளையில், சப்பானியர் தோட்டத்துத் தமிழ் ஆண்களைப் பல்லாயிரக்கணக்கில் பிடித்துச் சென்று சயாம்-பருமா தொடர்வண்டிப் பாதையில் பலியிட்டனர். ஆணற்ற தோட்டங்களில் மரவள்ளி நட்டுப் பிள்ளைகளின் உயிரைத் தாங்கியவர்களும் பெண்களே. போர் மகளிர்க்குத் தந்த 'புதிய பொறுப்பு' என்று நூல்கள் அழகாக எழுதுவனவற்றுள் இதுவும் ஒன்று!

படையணியின் ஒரு பகுதி பருமா வரை சென்றது. களமுனையில் முழுமையாக இறக்கப்படுமுன்னரே பின்வாங்கல் தொடங்கிற்று. 1945இல் அணி கலைந்தது. வெள்ளையர் மீண்டும் வந்தனர். அப்பெண்களுள் பலர் அதே தோட்டத்திற்கு, அதே வரிசை வீட்டிற்கு, அதே மரத்தடிக்குத் திரும்பினர். பெண்ணுக்கும் ஆணுக்கும் கூலி ஒன்றாகவில்லை. இலக்குமி, சானகி, இராசம்மா ஆகிய பெயர்களை வரலாறு வைத்திருக்கின்றது. மரம் சீவப் போன நூற்றுக்கணக்கான தமிழச்சிகளின் பெயர்களை எந்த அரசு வைத்திருக்கின்றது? எந்த விழாவில் நாம் அவர்களை நினைக்கின்றோம்?

ஈழத்திலும் இதுவே நிகழ்ந்தது. 1980கள் தொடங்கி 2009 வரை நீண்ட போரில் பெண்கள் தனி அணிகளாகவே களம் நின்றனர். போர் முடிந்தபின், கணவனை இழந்த பெண்கள் பல்லாயிரவர் தனித்துக் குடும்பம் சுமக்கலாயினர். படைக்கலம் ஏந்தியிருந்த பெண்ணுக்கு வேலை தரவும், அவளை மருமகளாக ஏற்கவும் நம் குமுகாயமே தயங்கிற்று. பகைவன் செய்த கொடுமையைப் பேசும் நாம், நம்மவர் செய்த இத்தயக்கத்தையும் பேச வேண்டாவா?

எதிர்ப்பாரின் மூன்று உரைகள்

நாம் கூறுவனவற்றை மறுப்பார் மூன்று உரைகளை முன்வைப்பர்.

'போரிலிருந்து மீண்ட ஆண்களுக்கு வேலை வேண்டாவா? அதற்காகப் பெண்கள் விலகியது முறைதானே?' என்பது ஒன்று. களத்தில் துன்புற்று வந்தவனுக்கு வேலை தரல் அரசின் கடமையே, மறுக்கவில்லை. ஆனால், அக்கடனை அரசு தன் பணத்தில் அடைத்தல் வேண்டும். பெண்ணின் கூலிப்பையிலிருந்து எடுத்து அடைத்தலாகாது. மேலும், அவ்வேலையைச் செய்த பெண்களுள் பலர், போரில் கணவனை இழந்தோர். திரும்பி வாராத ஆணின் மனைவிக்கு எந்த ஆண் சோறு போடுவான் என்று அரசு எண்ணிற்று?

'பெண்ணின் உடல் மெலிந்தது. படைக்கும் கடும்பணிக்கும் ஒவ்வாதது' என்பது மற்றொன்று. இதற்கு விடை முன்னரே சொல்லப்பட்டது. 1916இல் வெடிமருந்து அடைத்தபொழுதும் 1943இல் சுரங்கத்தில் இறங்கியபொழுதும் நினைவுக்கு வாராத மெலிவு, 1919இலும் 1946இலும் மட்டும் எங்கிருந்து வந்தது? கூலி கொடுக்கும்பொழுது மட்டும் தோன்றும் மெலிவு, உடலில் உள்ளதன்று. கூலி கொடுப்பவனின் நெஞ்சில் உள்ளது. அண்மையிலும் இவ்வுரை செத்தபாடில்லை. இந்தியப் படைத்துறையில் பெண் அலுவலர்க்கு நிலையான பணி தரலாகாது என்பதற்கு, ஊர்ப்புறத்து ஆண் படைஞர் பெண்ணின் ஆணையை ஏற்க மனத்தளவில் அணியமாகவில்லை என்பதையும் அரசு ஒரு கரணியமாக வழக்குமன்றத்தில் சொல்லிற்று. 2020 பிப்ரவரி 17ஆம் நாள் இந்திய உச்ச வழக்குமன்றம் அதனைத் தள்ளியது. ஆணின் குறைக்குப் பெண்ணைத் தண்டிக்கும் நெறி எவ்வளவு நேர்த்தியானது பாருங்கள்!

'அப்படியாயின் போர் வரட்டும் என்கின்றீர்களா?' என்பது மூன்றாவது. இல்லை. போர் பெண்ணின் பகைவன். கொரியா, சீனம் முதலிய நாடுகளின் பெண்களைச் சப்பானியப் படை பாலடிமைகளாக இழுத்துச் சென்றது. கிம் ஆக்-சூன் என்னும் கொரியப் பெண்மணி 1991இல் வெளிப்படையாக வாய்திறக்கும் வரை அவ்வுண்மை அரைநூற்றாண்டு மூடிக் கிடந்தது. போலந்து, உருசிய, உக்கிரைனியப் பெண்களை இட்லரின் ஆட்சி அடிமை உழைப்பிற்கு வாரிச் சென்றது. பெண்ணின் பணியைப் போர் மாற்றியது என்று எழுதுவார், இவற்றையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். போர் என்பது பெண்ணின் ஆற்றலை எல்லாரும் காணுமாறு செய்த ஒரு கொடிய வெளிச்சம். வெளிச்சத்தில் தெரிந்த பொருளை வெளிச்சமே படைத்தது என்று எவரும் சொல்லார்.

எஞ்சியது எது?

பறித்தும் பறிபோகாமல் எஞ்சியவை சில உண்டு. அவை எவ்வாறு எஞ்சின? மணமான பெண் ஆசிரியையாக இருத்தலாகாது என்னும் தடை இங்கிலாந்தில் 1944இல் நீங்கிற்று. அரசு அலுவலகங்களில் 1946இல் நீங்கிற்று. அயலுறவுத் துறையிலோ 1973 வரை நீடித்தது. 1968இல் இலண்டனுக்கு அருகில் தாகனம் என்னும் இடத்துச் சீருந்துத் தொழிலகத்தில் இருக்கைகளுக்குத் தையலிட்ட பெண்கள் வேலையை நிறுத்தினர். அதன்பின் 1970இல் ஒப்பூதியச் சட்டம் வந்து 1975 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. சர்ச்சில் கால்நூற்றாண்டுக்கு முன் மிதித்ததை, ஊசி நூல் பிடித்த பெண்கள் மீட்டெடுத்தனர்.

நம் பெண்களிடையேயும் சான்று உண்டு. சான்சி அரசி படையணியில் பயின்ற, ஈழத் தமிழ்க் குடும்பத்தினரான இராசம்மா பூபாலன், பின்னாளில் மலையாவில் ஆசிரியையாகிப் பெண்ணாசிரியர் ஒன்றியத்தை முன்னின்று நடத்தி ஒப்பூதியம் கேட்டுப் போராடினார். படைவீட்டில் கற்ற ஒழுங்கையும் அஞ்சாமையையும் தொழிற்களத்திற்குக் கொண்டுவந்தார். துமுக்கியைத் திரும்ப வாங்கிக்கொள்ள அரசுகளால் இயன்றது. அந்நெஞ்சுரத்தை வாங்கிக்கொள்ள இயலவில்லை. தன்னை ஓர் அமைப்பாகத் திரட்டிக்கொண்ட பெண்ணிடம் மட்டுமே உரிமை எஞ்சிற்று. தனித்தனியே வீடு திரும்பியவளிடம் நினைவுகளே எஞ்சின.

தமிழர்களே, தமிழச்சிகளே!

மகனைக் களத்திற்கு அனுப்பிய மறக்குடித் தாயைப் புறநானூறு காட்டுகின்றதென்று நாம் பெருமை பேசாத மேடையில்லை. வேலு நாச்சியார் பெயரைச் சொல்லிக் கையொலி பெறாத கூட்டமில்லை. பெருமை பேசுக, தவறில்லை. ஆனால் அம்மேடையிலிருந்து இறங்கி வயலோரம் சென்று பாருங்கள். நடவு நட்டுக் களை பறிக்கும் பெண்ணுக்கு இன்றும் ஆணின் கூலியினும் குறைந்த கூலியே எண்ணித் தரப்படுகின்றது. ஒப்பூதியச் சட்டம் இந்நாட்டில் 1976இலேயே இயற்றப்பட்டது. சட்டம் ஏட்டில் இருந்தது, குறைவு வரப்பில் இருந்தது. 50 காசும் 40 காசும் கணக்கிட்ட வெள்ளைத் துரை போய்விட்டான். அவன் கணக்கு மட்டும் நம் வீட்டு முற்றத்தில், நம் தாய்மொழியில், நம் கையாலேயே எழுதப்படுகின்றது. இதற்கு எந்த அயலானைக் குறை சொல்வோம்?

நாட்டு விடுதலை கேட்கும் இனம், தன்னுள் பாதியை அரைக்கூலிக்கு அடிமையாக்கி வைத்துக்கொண்டு விடுதலை கேட்டல் பொருந்தாது. இடர் வந்தபொழுது மட்டும் பெண்ணை அழைத்து, இடர் நீங்கியதும் அடுப்பைக் காட்டும் இயக்கம், இட்லரை எதிர்த்தும் ஆசிரியையின் ஊதியத்தை மறுத்த சர்ச்சிலின் வழியில் செல்லும் இயக்கமே.

எனவே, செய்ய வேண்டியன தெளிவு. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பதை முதலில் நம் வயலிலும் நம் கடையிலும் நம் அச்சகத்திலும் நடைமுறைப்படுத்துக. வேலைத்தலந்தோறும் பிள்ளைக் காப்பகம் கேட்டுப் போராடுக. போருக்காகத் திறக்க முடிந்ததை அமைதிக்காகவும் திறக்க முடியும். தொழிலாளர் அமைப்புகளில் பெண்களைக் கூட்டம் சேர்க்க அழையாது பொறுப்பில் அமர்த்துக. மலையாத் தோட்டங்களிலிருந்து படையில் சேர்ந்த நம் பெண்களின் பெயர்களையும் வாய்மொழிகளையும், அவர்தம் வழிவந்தோரிடம் கேட்டுத் தொகுத்து நூலாக்குக.

பெண்களே, உங்களுக்கு ஒன்று சொல்வோம். உங்கள் ஆற்றலுக்குச் சான்று கேட்பவனிடம் இனிச் சான்று காட்டிக்கொண்டிராதீர்கள். இரண்டு உலகப் போர்கள் சான்று காட்டிவிட்டன. அச்சான்றைப் பார்த்தவர்களே அதனைக் கிழித்தும் எறிந்தனர். சான்றால் வருவதன்று உரிமை. கேட்டுப் பெறுவதும், பெற்றதை ஒன்றுகூடிக் காப்பதுமே உரிமை. 1918இல் இலண்டன் வண்டிப் பெண்கள் அதனை 5 வெள்ளிக்காகச் செய்து காட்டினர். நம் வயலிலும் ஆலையிலும் அதனைச் செய்ய இன்னொரு போர் வரவேண்டியதில்லை.